ஓய்வுக்குப் பின் கடலுக்குப் போனவர்

கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியவர்கள் நம் குடியிருப்பில் பலர் உண்டு. பிரடெரிக் நிக்கல்சனைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரியான இவர், வட்டிக்கடனில் சிக்கிய விவசாயிக்கு ஜெர்மனியின் ரைஃபைசன் முறையில் கிராமச் சங்கங்கள் வேண்டும் என்று 1895-ல் அறிக்கை தந்தார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. வங்கியில் இருந்த எனக்கு இதுவே பெரிது.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. துரைமார் பலருக்கு மீன்பிடிப்பு தூண்டில் விளையாட்டு. இவரோ ஓய்வு வயதில் மீனவர் பிழைப்பைப் பார்த்தார். ஜப்பானிய மீன்பிடிப்பை ஆராய்ந்து 1907-ல் குறிப்பு வெளியிட்டார். அதே ஆண்டு சென்னையில் மீன்வளத் துறை தொடங்கியது. சம்பளமில்லாத கௌரவ இயக்குநர் இவரே! மலபார் கரையில் மத்தி மீன் மணலில் காய்ந்து உரமாகிக் கொண்டிருந்தது. தானூரில் சோதனை நிலையம் வைத்து, அதில் எண்ணெயும் நல்ல உரமும் எடுக்கும் வழியை மீனவருக்கே காட்டினார்.