பேராசிரியர் சுந்தரம் பிள்ளையும் மேற்படிப்பும்

நாஞ்சில் நாட்டில் ஆண்டுதோறும் பி.ஏ., பி.எஸ்ஸி. முதலிய இளநிலைத் தேர்வுகளின் முடிவு வெளிவந்தவுடன், நம் இளைஞர் பலரும் எம்.ஏ., எம்.எஸ்ஸி. முதலிய முதுநிலை வகுப்புகளிற் சேர்வதற்கு விண்ணப்பம் விடுக்கத் தொடங்குகின்றனர். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடித் தொகுப்பதிலும், கடைசி நாள் தவறாமற் சேர்ப்பிப்பதிலும் பெற்றோரும் பிள்ளைகளும் காட்டும் ஊக்கம் பாராட்டற்பாலதே. ஆயினும், எப்பொருளை எதற்காகக் கற்கப் போகின்றோம், யாரிடம் கற்கப் போகின்றோம், கற்றதைக்கொண்டு யாது செய்யப் போகின்றோம் என்னும் மூன்று வினாக்களைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உடன்படித்த தோழன் சேர்ந்தான் என்று சேர்வாரும், வேலை கிடைக்கும் வரையில் இருப்பதற்கு ஓரிடம் என்று சேர்வாரும், திருமண அழைப்பிதழிற் பெயருக்குப் பின்னே இரண்டெழுத்து நிற்கட்டும் என்று சேர்வாரும் நம்மிடையே உளர். ஈராண்டுக் காலமும், பெற்றோர் வருந்தி ஈட்டிய பொருளும் இதனாற் பயனின்றிக் கழிகின்றன.

இம்மூன்று வினாக்களுக்கும் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் மனோன்மணியம் ஆசிரியராகிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள். 1990இல் திருநெல்வேலியில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் அதனோடு இணைவு பெற்றவை. ஆகவே, நாகர்கோவிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் முதுநிலைப் பட்டம் பெறும் நம் பிள்ளைகளின் சான்றிதழில் அவர் பெயரே முதற்கண் விளங்குகின்றது. அப்பெயருக்குரியார் தம் பட்டத்தை எவ்வாறு பெற்றார், பெற்றபின் யாது செய்தார் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆலப்புழையிற் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். முன்னோர் பாண்டி நாட்டிலிருந்து சென்று அங்குக் குடியேறியவர். மலையாள மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்தும் அக்குடும்பத்தார் தமிழை விட்டாரில்லை. நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் இளமையிலேயே தமிழ் நூல்களைப் பாடங்கேட்கும் பேறு அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தே மறைமலையடிகளுக்கும் தமிழ் பயிற்றியவர் இப்புலவரே. பள்ளியில் ஆங்கிலமும் புலவர்பால் தமிழுமாக இருவகைக் கல்வியும் ஒருங்கே வளர்ந்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

அந்நாளில் நாஞ்சில் நாடு உட்பட இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் அரசின்கீழ் அடங்கியிருந்தது. 1956இலேதான் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. திருவிதாங்கூரிற் பட்டக்கல்வி விழைவார்க்குத் தலைநகரிலிருந்த மகாராசா கல்லூரியே புகலிடமாயிற்று. சுந்தரம் பிள்ளை அக்கல்லூரியிற் பயின்று 1876இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

ஈண்டு அக்காலத்துக் கல்விமுறையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திற் பாடஞ் சொல்லும் இடமாக இருக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. திருவனந்தபுரத்துக் கல்லூரியும் அதனோடு இணைந்ததே. இக்காலத்தார் விண்ணப்பத்தைச் சேர்ப்பித்துவிட்டுத் தரவரிசைப் பட்டியலை நோக்கிக் காத்திருப்பதுபோல, அன்று எம்.ஏ. விழைந்தவர் இருக்க இயலாது. ஊதியத்திற்கு ஒரு தொழிலைச் செய்துகொண்டே, வேண்டிய நூல்களைத் தேடித் தாமே பயின்று, தேர்வுக்குச் செல்வோரே பலர். வகுப்பறை தருவதனை அவர்கள் தம் முயற்சியாலும், நல்லாசிரியர் ஒருவரின் துணையாலும் பெறவேண்டியிருந்தது.

சுந்தரம் பிள்ளைக்கு அத்தகைய ஆசிரியர் வாய்த்தார். அவர்தாம் திருவனந்தபுரம் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த ஹார்வி என்னும் ஆங்கிலேயர். பி.ஏ. பட்டம் பெற்றபின் சுந்தரம் பிள்ளை திருநெல்வேலி சென்று, இந்நாளில் மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என வழங்கும் நிலையத்தின் தலைமையாசிரியராகச் சிலகாலம் தொண்டாற்றினார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைக் கண்டு அவர்பால் அருளுரை கேட்டதும் அங்கிருந்த காலத்திலேயாம். பின்னர்த் திருவனந்தபுரத்திற்கு மீண்டு, ஹார்வியின் அருகிருந்து தத்துவம் பயிற்றும் பணியை மேற்கொண்டார். பகலில் மாணாக்கர்க்குச் சொல்லுதல், ஏனைப் பொழுதில் தாமே மாணாக்கராகிப் பயிலுதல் என்று உழைத்து, 1880இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். திருவிதாங்கூரில் அப்பட்டம் முதன்முதற் பெற்றவர் அவரே என்பர்.

இங்கே ஒன்று நோக்குக. தத்துவம் என்பது உடனே பொருள் தரும் கல்வியன்று. வழக்கறிஞர் தொழிலோ பிறிதொன்றோ நாடியிருப்பின் அவர் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். அவர் உள்ளத்தில் எழுந்த ஐயங்களே அவரைத் தத்துவத்திற் செலுத்தின. எப்பொருளைக் கற்பது என்னும் வினாவிற்கு, எப்பொருள் நம்மை உறங்கவிடாது வினவுகின்றதோ அப்பொருளைக் கற்பது என்பதே அவர் வாழ்வு தரும் விடை.

பட்டத்தின் பயனாக அரசாங்க வேலையும் அவரைத் தேடி வந்தது. வரித்துறையில் உயர்ந்ததொரு பதவியிற் சில ஆண்டுகள் அமர்ந்தார். ஊதியமும் அதிகாரமும் உடைய அவ்விடத்திற் பலர் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடுவர். ஆயின், 1885இல் ஹார்வி ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பியபோது, சுந்தரம் பிள்ளை கல்லூரிக்கே மீண்டு தத்துவப் பேராசிரியர் பதவியை ஏற்றார். இறுதிவரை அதனை விட்டு நீங்கினாரில்லை. ஆசிரியர் அமர்ந்த இருக்கையில் மாணாக்கர் அமர்ந்தமை, ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஒருங்கே பெருமையாயிற்று.

ஆசிரியரிடத்து அவர் கொண்டிருந்த அன்பு சொல்லளவில் நில்லாதது. திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இல்லத்திற்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டார். 1891இல் வெளிவந்த மனோன்மணியம் நாடகத்தையும் அவ்வாசிரியர்க்கே உரிமையாக்கினார். நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் பாடங்கேட்கும் முறையும் விரிவாக வகுக்கப்பெற்றுள்ளன. அவ்விலக்கணத்திற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கியமாய் நின்றவர் இவர். ஆங்கிலேய ஆசிரியரும் தமிழ் மாணாக்கரும் என்ற வேற்றுமை அங்கே தடையாகவில்லை.

இனி, கற்றதைக்கொண்டு அவர் செய்தன யாவை? அக்காலத்து மேனாட்டறிஞர் சிலர் திருஞானசம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கூறிவந்தனர். சுந்தரம் பிள்ளை நூற்சான்றும் கல்வெட்டுச் சான்றும் காட்டி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவினார். சினந்து மறுத்தாரல்லர், அளவை நூல் கற்றவர்க்குரிய நிதானத்தோடு ஒவ்வொரு சான்றாக எடுத்துவைத்து மறுத்தார். தத்துவக் கல்வி தமிழாராய்ச்சிக்குப் பயன்பட்ட விதம் இது. கோயில்தோறும் சென்று கல்வெட்டுகளைப் படித்து, திருவிதாங்கூரின் பண்டை மன்னர்களைப்பற்றி 1894இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்கு நம் நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளும் பயன்பட்டன என்பது நாம் மகிழத்தக்கது. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் கோயிற் சுவர்கள் அவர்க்கு ஏடுகளாயின.

நூற்றொகை விளக்கம் என்றொரு சிறு நூலும் அவர் இயற்றினார். அறிவு நூல்கள் எத்துணை வகையின, ஒன்றற்கொன்று எவ்வாறு தொடர்புடையன என்பதைத் தமிழ் உரைநடையில் விளக்குவது அது. மேற்படிப்பிற்குப் பொருள் தேரும் மாணாக்கர்க்கு வழிகாட்ட வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு இருந்ததோ என்று கருதும்படி அந்நூல் அமைந்துள்ளது.

1896இல் அரசாங்கம் அவருக்கு ராவ்பகதூர் பட்டம் அளித்தது. மறுவருடமே, 1897 ஏப்ரல் 26ஆம் நாள், நாற்பத்திரண்டு வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார். எம்.ஏ. பெற்றபின் அவர் வாழ்ந்தது பதினேழு ஆண்டுகளே. அப்பதினேழு ஆண்டுகளில் அவர் ஆற்றியதை எண்ணும்போது, பட்டம் பெற்று முப்பதாண்டு கடந்தும் ஒரு நூலையேனும் மீண்டும் திறவாத நம்மவர் நாணவேண்டியவரே. ராவ்பகதூர் என்ற பட்டத்தை இன்று நினைப்பார் இலர். மனோன்மணியத்தில் அவர் பாடிய தமிழ்த்தெய்வ வணக்கமோ 1970 முதல் தமிழக அரசு விழாக்களிற் பாடப்பெற்று, 2021இல் மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது.

இவ்வரலாற்றை யாம் எழுதப் புகுந்தது புகழ்ச்சிக்காக மட்டுமன்று. இக்காலத்தில் வாயில்கள் பல திறந்துள்ளன. 1952இல் நாகர்கோவிலில் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி தோன்றியது. அதற்கு முன்பே ஸ்காட் கிறித்தவக் கல்லூரி இருந்தது. மகளிர் கல்லூரிகளும் எழுந்தன. மத்தியப் பல்கலைக்கழகங்களிற் சேர விழைவார்க்கு 2022 முதல் முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வு நடைபெறுகின்றது. தலைநகர் சென்றாலன்றிக் கல்வி இல்லை என்ற நிலை நீங்கிற்று. வாயில் அரிதாயிருந்த காலத்தில் உள்ளே புகுந்தவர் நோக்கத்தோடு புகுந்தனர். வாயில் எளிதாகிய காலத்தில் நோக்கம் இன்றிப் புகுதல் தகுமோ?

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். மேற்படிப்பிற்குப் பொருளுதவி செய்தல் நன்று. அதனினும் நன்று, விண்ணப்பக் காலம் தொடங்குமுன் நம் ஊர்களிலுள்ள பேராசிரியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒருநாள் கூடியிருந்து, மேற்படிப்பு விழையும் பிள்ளைகளை, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, ஒவ்வொருவராக அழைத்து உரையாடுதல். எதைக் கற்க விரும்புகின்றாய், ஏன், அதனை நன்கு கற்பிப்பார் எக்கல்லூரியில் உளர் என்று வினவினாற் போதும். விடை தெளிந்த பிள்ளை விண்ணப்பிக்கட்டும். தெளியாத பிள்ளை ஓராண்டு ஒரு தொழில் செய்து, தன் உள்ளத்தை அறிந்து, பின்னர் விண்ணப்பிப்பதில் இழுக்கில்லை. சுந்தரம் பிள்ளையும் பி.ஏ. பட்டத்திற்கும் எம்.ஏ. பட்டத்திற்கும் இடையே நான்கு ஆண்டுகள் உழைத்தவரே.