மண்ணுக்குள் ஒரு தொழிற்சாலை!

நான்தான் செர்கேய் வினோகிராட்ஸ்கி பேசுகிறேன். 1856-ல் கீவ் நகரில் பிறந்தேன். முதலில் சட்டம் படிச்சேன், பிடிக்கல. பியானோ கத்துக்கிட்டேன், அதிலும் மனசு நிக்கல. கடைசியில் அறிவியலுக்கு வந்தேன்.

அப்போ ஒரு புதிர் இருந்தது. கழிவுநீரை மணல் வழியே மெதுவாக விட்டால், அதிலுள்ள அம்மோனியா நைட்ரேட்டாக மாறிவிடும். 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலுக்குள் குளோரோஃபார்ம் செலுத்தினார்கள். மாற்றம் நின்னுபோச்சு! அப்படியானால் இது உயிருள்ள ஒன்றின் வேலை. ஆனால் அது ஜெலட்டினில் வளரவே இல்லை.

நான் கரிமப்பொருள் கலக்காத உணவு கொடுத்தேன். 1890-ல், சூரிச் நகரில், பிடிபட்டுவிட்டது! ஒரு பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும்.

1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் சொத்தெல்லாம் போச்சு. நாட்டை விட்டே வெளியேறினேன். 1922-ல், அறுபதைத் தாண்டிய வயசில், பாஸ்டர் நிறுவனம் அழைத்தது. பிரான்சில் மறுபடியும் மண்ணைக் கையில் எடுத்தேன். 1953-ல், 96 வயதில் மறைந்தேன்.

இன்று தெருவில் ஓடும் மழைநீரை மண்ணில் வடிகட்டும் தோட்டங்களிலும் இதே பாக்டீரியாக்கள்தான் உழைக்குது. ஆனால் நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணியோட போயிடும். ஏரிக்குப் போனால் பாசி பெருகும். அதனால் அடியில் நீர் தேங்கி நிற்கும், காற்றில்லாத அடுக்கு ஒன்றை அமைத்து, மரத்துண்டுகளும் கலக்கிறார்கள். அங்கே வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும்.

நண்பர்களே, பிடிச்ச பாடம் லேட்டாகக் கிடைத்தாலும் விட்டுடாதீங்க!