விருப்பாட்சி கோபால நாயக்கர்

பழனி பஞ்சாமிர்தத்தின் சுவையை அறிந்தோர் விருப்பாட்சி வாழைப்பழத்தையும் அறிவர். ஆயின் பழனிமலையடியில் உள்ள அவ்வூரை ஆண்ட கோபால நாயக்கரை அறிந்தவர் சிலரே. கும்பினியார் அவரைக் கலகக்காரர் என்று எழுதிவைத்தனர். அப்பெயர் அவருக்குப் பொருந்துமா என்பதை நேயர்கள் விசாரித்தல் வேண்டும்.

மதுரை நாயக்கர் வகுத்த பாளையங்களுள் விருப்பாட்சியும் ஒன்று. கப்பம் கட்டுவதும் போர்க்காலத்தில் படை அனுப்புவதும் பாளையக்காரரின் கடமை; தம் எல்லைக்குள் வரி, காவல், நியாயம் மூன்றும் அவருடைய உரிமை. பின்னர் திண்டுக்கல் சீமை மைசூர் வசமாயிற்று. 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இவ்விருப்பாட்சியிலேதான். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அச்சீமையைத் திப்பு சுல்தான் கும்பினிக்கு ஒப்புக்கொடுக்க நேர்ந்தது. அப்பத்திரத்தில் பாளையக்காரர் கட்சியல்லர். தாம் கட்சியல்லாத பத்திரம் ஒருவரை எங்ஙனம் கட்டுப்படுத்தும்? அதன் பலத்திலன்றோ கலெக்டர் ஹர்டிஸ் முதலானோர் நிலங்களை அளந்தனர்; வரியை நிர்ணயித்தனர்; பாக்கிக்காகப் பாளையங்களை ஜப்தி செய்தனர். கலகத்தின் வேர் இதுவே.

1799-ம் வருஷம் மே மாதத்தில் திப்பு மாண்டார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தனித்து நின்றால் அழிவே என்று நாயக்கர் தெளிந்தார். திண்டுக்கல் பாளையக்காரர்களை ஒன்றுசேர்த்ததோடு சிவகங்கை மருது சகோதரர், மலையாளத்துப் பழசி ராஜா, கன்னட நாட்டில் போர் புரிந்த தூந்தாஜி வாக் ஆகியோருடனும் கூட்டுறவு கொண்டார். மொழியும் ஜாதியும் மதமும் வேறான மனிதர் அக்காலத்தில் ஓரணியில் நின்றனர் என்பதை இன்று நினைப்பினும் வியப்பே!

1800-ம் வருஷம் ஜூன் 3-ந் தேதி கோயம்புத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றச் செய்த ஏற்பாடு பலிக்கவில்லை. பிடிபட்டோர் பலர் தூக்கிலிடப்பட்டனர். செப்டம்பரில் தூந்தாஜியும் வீழ்ந்தார். அவரை வீழ்த்திய ஆர்தர் வெல்லெஸ்லியே பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர்.

1801-ல் கும்பினிப் படை விருப்பாட்சியைப் பிடித்தது. நாயக்கர் மலைக்காட்டில் மறைந்தார். அம்மலைமீது அப்போது கோடைக்கானல் வாசஸ்தலம் ஏது? அமெரிக்கப் பாதிரிமார் அங்கே பங்களா கட்டியது 1845-ல். அவர் தலைக்கு 20,000 ரூபாய் விலை வைக்கப்பட்டது. பணம் தன் வேலையைச் செய்தது. செப்டம்பர் 5-ந் தேதி திண்டுக்கல்லில் அவரைத் தூக்கிலிட்டனர். மருது சகோதரர் அக்டோபரிலும், ஊமைத்துரை நவம்பரிலும் அதே கதியை அடைந்தனர். நாயக்கர் உயிர் நீத்த இடத்துக் குளமே கோபாலசமுத்திரம் என்பது திண்டுக்கல் மக்களின் வழக்கு.