மேரி கார்ப்பெண்டர் அம்மையார்

நெல்லைச் சீமையின் தென்கோடியில், மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த சிற்றூர் உவரி. ஊரின் ஒருபுறம் சுயம்புலிங்க சுவாமி கோயில், மற்றொருபுறம் புனித அந்தோணியார் திருத்தலம், கரையெங்கும் வலை உலரும் மணல்வெளி, அதற்கப்பால் பனங்காடு. இவ்வூரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், பூட்டிக் கிடந்த கடையொன்றில் நுழைந்து பணம் எடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். உவரியைச் சொன்னது எடுத்துக்காட்டுக்கே. இது எவ்வூரிலும் நிகழக்கூடியது. காவலர் அவனைப் பிடிப்பர். ஆயினும், அவனைக் காவல் நிலையத்துக் கம்பியறையில் அடைக்கவோ, சிறைச்சாலைக்கு அனுப்பவோ இன்றைய சட்டம் இடம் தராது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும். அங்கே நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அமர்ந்து விசாரிப்பர். அவன் பெயரையோ முகத்தையோ செய்தித்தாள் வெளியிடலாகாது.

இவ்வேற்பாடு தானே முளைத்ததன்று. குற்றம் புரிந்த சிறுவனும் சிறுவனே என்னும் எளிய உண்மையை அரசினர் ஏற்றுக்கொள்வதற்குப் பலர் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது. அவர்களுள் முன்னணியில் நின்றவர் மேரி கார்ப்பெண்டர் அம்மையார்.

இவர் 1807ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இங்கிலாந்து நாட்டில் எக்ஸ்டர் என்னும் நகரில் பிறந்தார். தந்தை லான்ட் கார்ப்பெண்டர் கிறித்தவ சமயப் போதகர். மேரி பத்து வயதை எட்டிய காலத்தில் குடும்பம் பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரில் குடியேறியது. தந்தையார் அங்கே ஆண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாக இருந்த அக்காலத்தில், மேரி அப்பிள்ளைகளோடு சரிநிகராக அமர்ந்து இலத்தீனம், கிரேக்கம், கணிதம், இயற்கை நூல் ஆகியவற்றைக் கற்றார். 1829இல் தாயோடும் தங்கையரோடும் சேர்ந்து பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் அப்படியே நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு ஆசிரியையாக இருந்து வாழ்நாளை அமைதியாகக் கழித்திருக்கலாம்.

1833ஆம் ஆண்டு அவர் வாழ்வில் இருவர் குறுக்கிட்டனர். ஒருவர் நம் நாட்டவர். இராஜா இராம்மோகன் ராய். பிரிஸ்டலுக்கு வந்த அப்பெரியார் அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அங்கேயே காலமானார். அவரைக் கண்டு பழகிய மேரியின் உள்ளத்தில் இந்திய நாட்டின்பால் எழுந்த அன்பு இறுதி வரை மாறவில்லை.

மற்றொருவர் அமெரிக்க நாட்டில் பாஸ்டன் நகரத்து ஏழைகளிடையே தொண்டு புரிந்த ஜோசப் டக்கர்மன் என்பவர். இவரோடு மேரி ஒருநாள் பிரிஸ்டலின் ஏழையர் வாழ் தெரு ஒன்றில் நடந்து சென்றுகொண்டிருந்தார். கந்தலுடுத்த சிறுவன் ஒருவன் சந்திலிருந்து பாய்ந்து வந்து, அவர்கள் பாதையைக் குறுக்கே கடந்து ஓடி மறைந்தான். டக்கர்மன் நின்றார். அந்தச் சிறுவனைப் பின்தொடர்ந்து சென்று, அவன் வீடு எது, அவனைப் பேணுவார் யார் என்று பார்க்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னார். அன்று எவரும் அவனைப் பின்தொடரவில்லை. அவன் யாரென்பது வரலாற்றில் பதிவாகவும் இல்லை. ஆனால், அச்சொல் மேரியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இரண்டாண்டுகளில் அவர் ஏழையர் இல்லங்களைச் சென்று பார்ப்பதற்கென ஒரு சங்கம் அமைத்தார். சாக்கடை நாறும் சந்துகளில் தாமே நடந்தார். இடையில் 1840இல், கடற்பயணம் சென்ற தந்தையார் கப்பலிலிருந்து விழுந்து உயிர்நீத்தார். அத்துயரையும் பணியிலேயே ஆற்றிக்கொண்டார்.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை நாம் அறிதல் வேண்டும். ஏழு வயது நிரம்பிய குழந்தையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அந்நாட்டுச் சட்டம் இடம் தந்தது. ரொட்டித் துண்டு திருடிய சிறுவனும், கொள்ளையடித்துப் பழகிய முதியவனும் ஒரே சிறைக்குச் சென்றனர். சிறுவன் உள்ளே சென்றபோது அறியாதிருந்த தொழில்களை எல்லாம் வெளியே வரும்போது அறிந்திருந்தான். சிறுவர்க்கெனத் தனிச்சிறை வேண்டும் என்று 1838இல் பார்க்கர்ஸ்ட் என்னுமிடத்தில் ஒன்றை அரசினர் திறந்தனர். அங்கும் தொடக்கத்தில் பிள்ளைகளின் கால்களில் இரும்புத்தளை பூட்டினர். தனிச்சிறையும் சிறையே அன்றோ!

1846ஆம் ஆண்டு மேரி, லூயின்ஸ் மீட் என்னும் பகுதியில் கந்தல் பள்ளி ஒன்றைத் திறந்தார். உடுக்க உடையின்றி வேறெந்தப் பள்ளியிலும் சேர இயலாத பிள்ளைகளுக்கான பள்ளிகளை அந்நாட்டார் அப்பெயரால் அழைத்தனர். வந்தவர்கள் அடங்கியிருக்கும் பிள்ளைகளல்லர். ஆயினும், அம்மையார் பிரம்பைக் கொண்டு அவர்களை அடக்க முயலவில்லை. நிலப்படங்களையும், பாறைத் துண்டுகளையும், இயற்கைப் பொருள்களையும் கொணர்ந்து காட்டினார். புதியதொன்றைக் காணும்போது குழந்தையின் கண்ணில் எழும் வியப்பு, கந்தல் உடுத்தவன் கண்ணிலும் எழக் கண்டார். பகலில் கற்ற பிள்ளைகளுள் சிலர் மாலையில் திருடிப் பிடிபட்டதையும் கண்டார். பள்ளி முடிந்தபின் அப்பிள்ளை எங்கே உண்கிறான், எங்கே உறங்குகிறான்? இதற்கு விடை காணாத கல்வி பாதிக் கல்வியே என்பது அவருக்கு விளங்கியது.

பிற நாடுகளில் நிகழ்ந்த முயற்சிகளை அவர் ஊன்றிக் கற்றார். ஜெர்மானிய நாட்டில் ஹாம்பர்க் நகருக்கு அருகே விக்கெர்ன் என்பாரும், பிரெஞ்சு நாட்டில் மெத்ரே என்னும் ஊரில் டெமெட்ஸ் என்னும் நீதிபதியும், கெட்ட வழியில் சென்ற சிறுவர்களைச் சிறு குடும்பங்களைப் போலப் பிரித்து, உழவும் தொழிலும் பயிற்றி வந்தனர். இவற்றையெல்லாம் ஆராய்ந்து 1851இல் சீர்திருத்தப் பள்ளிகளைப் பற்றி அம்மையார் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே பர்மிங்காம் நகரில், மாத்யூ டேவன்போர்ட் ஹில் என்னும் நீதிபதியின் துணையோடு ஒரு மாநாடு கூடியது. 1852இல் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் சான்றுரைத்தார். பெண்கள் பொது மேடையில் பேசுவதே தகாது என்று கருதிய காலம் அது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. நேர்மையாக உழைக்கும் ஏழையின் மகனுக்குச் சோறும் கல்வியும் இல்லாதபோது, திருடியவனுக்கு அவ்விரண்டையும் கொடுப்பது முறையாகுமா என்று பலர் வினவினர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இன்றும் இது நம் செவியில் விழுகிறது. அம்மையார் அதற்குத் தம் செயலாலேயே விடை தந்தார். திருடிய பின் பேணுவதற்கு ஒரு பள்ளி, திருடும் முன்னரே காப்பதற்கு மற்றொரு பள்ளி, இவ்விரண்டிற்கும் முன்னே ஏழைகளுக்கென இலவசப் பள்ளி என மூவகைப் பள்ளிகளையும் ஒருசேரக் கேட்டார்.

1852இல் பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட்டில் முதற் சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார். சமயப் பெரியாரான ஜான் வெஸ்லி தம் பள்ளிக்காகக் கட்டிய இடமே இதற்கு வாய்த்தது. பிள்ளைகள் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தனர், தொழில் கற்றனர். தனக்கென்று ஒரு பொருளும் இல்லாதவனுக்குப் பிறர் பொருளின் அருமை எவ்வாறு புரியும் என்பது அம்மையாரின் எண்ணம். தொடக்க ஆண்டுகள் இனிமையாக இருந்தன என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் தப்பியோடினர், ஓடியவர்களைத் தேடிக் கொணர வேண்டியதாயிற்று. சிறுவரையும் சிறுமியரையும் ஓரிடத்தில் வைத்தல் பொருந்தாதெனக் கண்டு, 1854இல் சிறுமியருக்கெனச் செம்மாளிகை என்னும் பொருள்படும் ரெட் லாட்ஜ் இல்லத்தைத் திறந்தார். அப்பழைய மாளிகையை வாங்கி உதவியவர் கவிஞர் பைரனின் துணைவியார். இங்கிலாந்தில் பெண்பிள்ளைகளுக்கென எழுந்த முதற் சீர்திருத்தப் பள்ளி அதுவே. தம் இறுதிக் காலம் வரை அதனை அம்மையாரே நடத்தினார். மணம் புரியாத அவர், 1858இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை மகளாக எடுத்து வளர்த்தார்.

1854ஆம் ஆண்டே இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. பிள்ளைகளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நீதிபதிகளுக்கு அச்சட்டம் உரிமை அளித்தது. அம்மையாரின் உழைப்புக்குக் கிடைத்த வெற்றி இது. ஆனால், வெற்றிக்குள்ளே ஒரு முள்ளும் இருந்தது. பள்ளிக்குச் செல்லும் முன் பிள்ளை பதினான்கு நாளேனும் சிறையில் கிடத்தல் வேண்டும் என்று சட்டம் விதித்தது. குற்றத்திற்குத் தண்டனை முதலில், திருத்தம் பின்னர் என்பது சட்டம் செய்தோரின் கருத்து. முதலில் சிறையின் கறையைப் பூசிவிட்டுப் பிறகு அதனைக் கழுவச் சொல்வது என்ன முறை என்று அம்மையார் வாதாடினார். அவர் வாழ்நாளில் அவ்விதி நீங்கவில்லை. அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1899இல்தான் அது ஒழிந்தது.

அச்சட்டத்தில் வேறொரு குறையும் உண்டு. சிறு திருட்டுக்கும் பிள்ளையை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை பள்ளியில் வைக்கலாம் என்றிருந்தது. பெற்றோரின் நிழலைவிடப் பள்ளியின் நிழலே மேல் என்று அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் பெரிதும் நம்பினர். அம்மையாரும் அந்நம்பிக்கைக்கு விலக்கல்லர். அன்பினால் செய்யப்பட்ட ஏற்பாடே எனினும், தாயைப் பிரிந்து ஐந்தாண்டு வாழும் குழந்தைக்கு அது சிறிய துன்பமாக இருந்திராது.

1866இல், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், இராம்மோகன் ராயின் நாட்டைக் காண அம்மையார் புறப்பட்டார். செப்டம்பர்த் திங்களில் பம்பாயில் இறங்கி, அகமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களுக்குச் சென்றார். பெண்கல்வியே அவருடைய முதல் நோக்கம்; பெண் ஆசிரியைகளைப் பயிற்றும் பள்ளிகள் வேண்டும் என்று எங்கும் வற்புறுத்தினார். சென்ற இடமெல்லாம் சிறைச்சாலைகளையும் பார்வையிட்டார். முதியோரோடு சிறுவரும் அடைபட்டுக் கிடக்கும் காட்சி, தம் நாட்டில் இளமையில் கண்ட அதே காட்சியாக இருந்தது. இந்நாட்டில் 1864ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குற்றம் செய்த சிறுவர்க்குக் கசையடியைத் தண்டனையாக்கியிருந்தது. சிறைகளைத் திருத்தவும், சீர்திருத்தப் பள்ளிகளை நிறுவவும் அம்மையார் அரசுத் தலைமைக்கு விண்ணப்பித்தார். பின்னும் மும்முறை இந்தியா வந்தார். இறுதிப் பயணம் 1875இல். அடுத்த ஆண்டு, 1876இல், இந்தியச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் பிறந்தது. அதனை முழுவதும் அவர் ஒருவரின் ஆக்கம் என்று சொல்வது மிகையாகும். அவர் குரல் அதில் கலந்துள்ளது என்பது மிகையன்று.

1877ஆம் ஆண்டு ஜூன்த் திங்கள் நடுவில், ஓர் இரவு உறக்கத்திலேயே அம்மையாரின் உயிர் பிரிந்தது. பிரிஸ்டலில் இராம்மோகன் ராயின் நினைவு மண்டபம் நிற்கும் ஆர்னோஸ் வேல் இடுகாட்டிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.

அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1887இல், செங்கற்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தோன்றியது. 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. இந்திய மாகாணங்களுள் இதில் முந்தியது நம் மாகாணமே. சற்று வளர்ந்த இளைஞருக்கென 1926இல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. அதன்படி, தாமிரபரணிக் கரையிலுள்ள பாளையங்கோட்டையின் சிறைச்சாலை நெடுங்காலம் பார்ஸ்டல் பள்ளியாக இயங்கிப் பின்னர் மீண்டும் சிறையாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் இளைஞர் நீதிச் சட்டங்கள் பிறந்தன.

பழைய வாதம் ஓய்ந்துவிடவில்லை. 2012இல் தில்லியில் நிகழ்ந்த கொடுஞ்செயலில் பதினெட்டு வயது நிரம்பாத ஒருவனும் சேர்ந்திருந்தான் என்பதால், நாடெங்கும் சினம் மூண்டது. மிகக் கொடிய குற்றம் புரிந்த பதினாறு வயதுக்கு மேற்பட்டோரை, அவர்தம் மனமுதிர்ச்சியை ஆராய்ந்தபின், பெரியோரைப் போல விசாரிக்கலாம் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. துன்புற்றவர்களின் கண்ணீரை எண்ணுவோர் இதனை வரவேற்கின்றனர். பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணுவோர் அஞ்சுகின்றனர். எனினும், அத்தகையோர்க்கும் தூக்குத் தண்டனையை அச்சட்டம் விலக்கியே வைத்துள்ளது.

உவரிச் சிறுவனிடம் மீள்வோம். அவனைக் குழுமத்தின் முன் நிறுத்திய நாள் தொட்டுப் பதினைந்து நாளுக்குள் ஓர் அறிக்கை வந்தாக வேண்டும் என்பது சட்டம். அதனை எழுதுதல் நன்னடத்தை அலுவலரின் கடமை. ஆதலால், அவர் திருநெல்வேலியிலிருந்து பேருந்தேறி உவரிக்கு வருவார். வலைகளுக்கிடையே மணலில் நடந்து, சிறுவனின் வீடு எது என்று கேட்பார். தந்தை கடலுக்குப் போகிறாரா, தாய் என்ன செய்கிறார், அவன் பள்ளியை விட்டு நின்றது எப்போது, அவனோடு திரிந்தோர் யாவர் என்றெல்லாம் விசாரித்து எழுதிக்கொள்வார்.