குளத்தின் ஆழத்தை அளந்தவர்: ஹென்றி டேவிட் தோரோ

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள கொன்கோர்ட் என்னும் சிற்றூரை அண்டிய காட்டில் 1844ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி தீ மூண்டது. ஆற்றில் பிடித்த மீனைச் சமைப்பதற்காக இரு இளைஞர்கள் ஒரு மரத்தின் அடிக்கட்டையில் மூட்டிய நெருப்பு காய்ந்த புல்லில் பற்றி, ஏறத்தாழ 300 ஏக்கர் காட்டை எரித்துவிட்டது. அவ்விருவரில் ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ. இயற்கையின் உபாசகர் என இன்று உலகம் போற்றும் அவரை, ஊரார் சிலர் பல ஆண்டுகள் காட்டை எரித்தவர் என்றே ஏளனம் செய்து வந்தனர்.

தோரோவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இச்சம்பவத்தை விட்டுவிடுகின்றனர். உலகைத் துறந்து குளக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்த ஞானி என்ற சித்திரமே நமக்குப் பழக்கமானது. ஆனால், 1845 ஜூலை 4ஆம் திகதி வால்டன் குளக்கரையில் குடியேறியபோது அவர் ஞானியல்லர். இன்னும் சில தினங்களில் 28 வயதை எட்டவிருந்த, எடுத்த கருமம் எதிலும் நிலைபெறாத ஓர் இளைஞர்.

1837இல் ஹார்வார்ட் கல்லூரியில் பட்டம் பெற்று ஊர் திரும்பிய அவருக்குப் பொதுப் பாடசாலையில் ஆசிரியப் பதவி கிடைத்தது. மாணவரைப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை ஏற்க முடியாமல் இரண்டு வாரங்களுக்குள்ளாகவே அதனைத் துறந்தார். பின்னர் தமையன் ஜோனுடன் சேர்ந்து நடத்திய தனியார் பாடசாலையும் மூன்று ஆண்டுகளே நீடித்தது. 1840இல் சகோதரர் இருவரும் ஒருவர்பின் ஒருவராக ஒரே பெண்ணிடம் மணம்பேசி, இருவருமே மறுக்கப்பட்டனர்.

இவற்றையெல்லாம் ஆற்றிக்கொள்ளலாம். ஆற்ற முடியாதது 1842 ஜனவரியில் நேர்ந்தது. சவரக்கத்தியைத் தீட்டும்போது ஜோனின் விரலில் ஏற்பட்ட சிறு காயம் ஏற்புவலியாக முற்றியது. பத்தே நாட்களில் தமையன் தம்பியின் கரங்களிலேயே உயிர் துறந்தார். அடுத்த சில தினங்களில் தோரோவின் உடலிலும் அதே நோயின் அறிகுறிகள் தோன்றின. அவருக்குக் காயம் எதுவும் இருக்கவில்லை. துயரமே உடலில் நோயாக வெளிப்பட்டது எனலாம். மறுவருடம் எழுத்தால் பிழைக்கலாம் என்ற எண்ணத்துடன் நியூயோர்க் பக்கம் சென்றவர், அதுவும் கைகூடாமல் சில மாதங்களில் தந்தையின் பென்சில் தொழிலுக்கே திரும்பினார். அதன் பின்னரே அந்தக் காட்டுத்தீ.

குடிசை அமைந்த நிலம் அவருடைய நண்பரும் அறிஞருமான எமர்சனுக்குச் சொந்தமானது. பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்ட அந்தக் குடிசைக்கு 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமும் செலவானதாகத் தோரோ கணக்கெழுதி வைத்துள்ளார். ஊர் ஒன்றரை மைல் தூரத்தில் இருந்தது. குளத்தின் ஓரமாகவே புகையிரதப் பாதை சென்றது. அவரும் அடிக்கடி வீட்டுக்குச் சென்று உணவருந்தி வந்தார். இதனைச் சுட்டிக்காட்டி அவரைப் போலி என்று கேலி செய்வோர் இன்றும் உளர். பாவம், அவர்கள் தேடுவது ஒரு துறவியை. தோரோ தேடியதோ எழுதுவதற்கும் எண்ணிப் பார்ப்பதற்கும் ஓர் இடத்தை மாத்திரமே.

அவர் அங்கு எழுதியது என்ன என்பதே முக்கியமானது. 1839இல் தாமே கட்டிய படகில் சகோதரர் இருவரும் கொன்கோர்ட், மெரிமாக் ஆறுகளில் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிய நூலின் முதற்படி அக்குடிசையில்தான் உருவானது. இறந்த தமையனுக்கு எழுப்பிய நினைவுச் சின்னமே அந்நூல். எனினும் அதில் ஜோனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

பகலில் இரண்டரை ஏக்கரில் போஞ்சி பயிரிட்டார். பறவைகளையும் எறும்புகளையும் அவதானித்தார். 1846ஆம் ஆண்டின் தொடக்கத்தில், குளம் உறைந்திருந்தபோது, பனிக்கட்டியில் துளையிட்டுக் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அதன் ஆழத்தை அளந்தார். வால்டன் குளத்திற்கு அடியே இல்லை என்பது ஊராரின் நெடுநாளைய நம்பிக்கை. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அளந்து பார்த்த அவருக்கு 102 அடியில் தரை தட்டுப்பட்டது. குளத்தின் மிகக்கூடிய நீளமும் மிகக்கூடிய அகலமும் வெட்டும் இடத்திலேயே அதன் ஆழமும் மிகுதியாக இருப்பதைக் கண்ட அவர், மனித குணத்திற்கும் இவ்விதி பொருந்துமா என்று சிந்தித்தார். ஒருவனுடைய அன்றாட நடத்தையின் நீள அகலங்களை அறிந்தால் அவனது உள்ளாழத்தையும் அறியலாம் என்பது அவரது எண்ணம். தனது ஆழத்திற்கும் ஓர் எல்லை உண்டு, அது அளக்கத்தக்கது என்ற தெளிவில் பெருமையுமில்லை, தாழ்வுமில்லை.

அதே ஆண்டு ஜூலையில், அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிருந்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரை பின்னாளில் காந்தியடிகள் வரை சென்றது யாவரும் அறிந்ததே.

1847 செப்டெம்பர் 6ஆம் திகதி குளக்கரையை விட்டு நீங்கினார். ஆற்றுப் பயண நூல் 1849இல் அவருடைய சொந்தப் பொறுப்பிலேயே வெளிவந்தது. ஆயிரம் பிரதிகளில் விற்காத 706 பிரதிகளை 1853இல் வெளியீட்டாளர் திருப்பி அனுப்பினார். தமையனுக்காக எழுதிய புத்தகத்தைத் தாமே சுமந்து மேல்மாடி அறையில் அடுக்கிய தோரோ, தமது நூலகத்தின் பெரும்பகுதி தாமே எழுதியது என்ற பொருளில் நாட்குறிப்பில் நகைச்சுவையாகக் குறித்துவிட்டு, அன்று மாலையும் வழக்கம்போல எழுத அமர்ந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் நியூயோர்க்கிலிருந்து மனமுடைந்து திரும்பிய இளைஞரால் இவ்வாறு சிரித்திருக்க முடியுமா என்பது சந்தேகமே. பலமுறை திருத்தி எழுதப்பட்ட வால்டன் மறு ஆண்டில், 1854இல், வெளிவந்தது.

காட்டுத்தீயைப் பற்றி ஆறு ஆண்டுகள் மௌனம் காத்த அவர் 1850இலேயே அதனை நாட்குறிப்பில் விரிவாக எழுதினார். மின்னல் செய்வதையே தானும் செய்ததாக அதில் அவர் கூறுவது, தன்னைத்தானே சமாதானப்படுத்தும் வாதமாகவே படுகிறது. மெய்யான பதில் அவருடைய உழைப்பில் உள்ளது. நில அளவையாளராகத் தொழில் புரிந்தபடி, வெட்டப்பட்ட காடுகளும் எரிந்த காடுகளும் எவ்வாறு மீண்டும் தளிர்க்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். தேவதாரு மரங்கள் வெட்டப்பட்ட இடத்தில் ஓக் மரங்கள் முளைப்பது விந்தையன்று, அணில்கள் முன்னரே புதைத்து வைத்த விதைகளே அதற்குக் காரணம் என 1860 செப்டெம்பரில் விவசாயிகள் கூடிய கண்காட்சியொன்றில் விளக்கினார். காட்டை எரித்தவர் என்று பெயரெடுத்தவர் காடு எவ்வாறு மீள்கிறது என்பதைத் தம் அயலவருக்கு எடுத்துரைத்தார்.

அவ்வாண்டு டிசெம்பரில் மர வளையங்களை எண்ணச் சென்றபோது பிடித்த தடிமன், அவரிடம் நெடுநாள் மறைந்திருந்த காசநோயைத் தீவிரமாக்கியது. 1862 மே 6ஆம் திகதி, 44ஆவது வயதில் காலமானார். விதைகள் பரவும் விதம் பற்றிய அவரது கையெழுத்துப் பிரதி 1993இல்தான் அச்சேறியது. 1850களில் கொன்கோர்ட்டின் காட்டு மலர்கள் பூத்த நாட்களை அவர் குறித்துவைத்த ஏடுகளைக் கொண்டு, அதே மலர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே பூக்கத் தொடங்கியுள்ளதை 2008இல் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.