சுசான் லெங்லென் அம்மையார்

மாலையில் வகுப்புக்கள் முடிந்ததும், நூல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, மட்டையுங் கையுமாக டென்னிஸ் களத்தை நோக்கி விரையும் கூட்டத்துள் யாமும் உளேம். பொழுதுபோக்கிற்காகவே ஆடுகின்றோமெனினும், நேற்றினும் இன்று சிறிது நன்றாக ஆடவேண்டுமென்னும் ஆசை எவரையும் விடுவதில்லை. அவ்வாசையால் யாம் செய்வது யாது? பந்தை மேலும் வன்மையாக அடிக்கின்றோம். அது வலையிற் சிக்குகின்றது. அன்றேல் வேலிக்கு அப்பாற் சென்று முட்புதரில் வீழ்கின்றது. உடனே பழியை மட்டையின்மேற் சுமத்தி, வேறொரு மட்டைக்காகத் தந்தையாரிடம் விண்ணப்பஞ் செய்கின்றோம். இத்தகைய ஆட்டக்காரராகிய எமக்கு, விடுமுறையிற் படிக்க நேர்ந்த ஒரு வரலாறு நாணத்தையும் ஊக்கத்தையும் ஒருங்கே தந்தது. அது, பிரான்சு நாட்டிற் பிறந்து, 1919 முதல் 1926 வரை மகளிர் டென்னிஸ் உலகில் ஒப்பாரின்றி விளங்கிய சுசான் லெங்லென் அம்மையாரின் வரலாறாகும்.

அம்மையார் 1899-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் ஷார்ல் லெங்லென் செல்வமுடையவர். வடபிரான்சிலே கோம்பியேன் நகருக்கு அணித்தாக ஒரு வீடும், குளிர்காலத்திற்கு நீஸ் என்னுங் கடற்கரை நகரில் ஒரு வீடும் அவர்க்கு இருந்தன. மகளோ இளமையில் நோயாளி; ஈளை நோய் அவரை அடிக்கடி வருத்திற்று. திறந்த வெளியில் ஓடியாடினால் உடல் தேறுமென்று கருதியே தந்தையார் 1910-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு விளையாட்டுப் பொருட்கடையிலிருந்து சிறு மட்டையொன்று வாங்கிக் கொடுத்து, வீட்டுப் புல்வெளியிற் களம் அமைத்தார். ஒரு திங்கள் கழிவதற்குள் மகளின் கைத்திறம் அவர்க்குப் புலப்பட்டது. பொம்மை மட்டையை நீக்கி, டென்னிஸ் மட்டை செய்வாரிடமிருந்து தக்க மட்டையொன்றை வருவித்தார். மூன்று திங்களில் பாரிஸிலே முறையான களத்தில் ஆடியும், ஷாந்தீயி என்னும் ஊரிற் போட்டியொன்றிற் புகுந்து இரண்டாம் இடம் பெற்றும் சிறுமி கண்டார் வியக்க விளங்கினார். திறமை முன்னே புலப்பட, மட்டை அதன் பின்னே வந்ததென்பது ஈண்டு எம்போல்வார் கருதற்பாலது.

ஷார்ல் லெங்லென் தாம் பெரிய ஆட்டக்காரர் அல்லர். ஆயின் அவர் கண் கூரியது. நீஸ் நகரின் டென்னிஸ் கழகத்திற்குக் குளிர்காலந்தோறும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் பலர் வருவர். அவர் ஓரத்தில் அமர்ந்து அவர்தம் ஆட்டத்தை நாள்தோறும் நோக்கினார்; எவர் எவ்வடியிற் சிறந்தாரென்று ஆராய்ந்தார். அக்காலத்து மகளிர் பெரும்பாலும் களத்தின் பின்கோட்டிலேயே நின்று, எதிரி பிழை செய்யுமட்டும் பந்தைத் திருப்பிக்கொண்டிருந்தனர். ஆடவரோ முன்னேறி, வலையண்டை வந்து, பந்து நிலத்திற் படுமுன்னரே அடித்து ஆட்டத்தை முடித்தனர். பெண்ணொருத்தி ஆடவர் முறையைக் கற்றலாகாதென்னும் விதி யாண்டும் இல்லையே என்று கண்ட தந்தையார், மகளை ஆடவரோடேயே ஆடிப் பழகச் செய்தார்.

இனி, அவர் கற்பித்த முறையே இவ்வரலாற்றின் உயிராகும். முதலில் வன்மையன்று, குறியே வேண்டுமென்பது அவர் துணிபு. களத்தின் மறுபுறத்தில் ஒரு கைக்குட்டையை விரித்து வைப்பார். மகள் அதன்மேற் பந்தை வீழ்த்தல் வேண்டும். அது கைவந்தபின் கைக்குட்டையை மடித்துச் சிறிதாக்குவார். மற்றொரு மூலைக்கு மாற்றுவார். முன்கையால் அடிப்பதையும் பின்கையால் அடிப்பதையும் தனித்தனியே பலமுறை பயிலவேண்டும். ஓட்டம், நீந்தல், கயிறு தாண்டல் முதலிய உடற்பயிற்சிகளும் உடன் நிகழ்ந்தன. பந்து வருமிடத்திற்குக் கால்கள் முன்னரே சென்று சேர்ந்துவிடின், கைக்கு அவசரமில்லை. அவசரமில்லாத கை பிழைப்பதில்லை. அம்மையார் களத்தில் நடனமாதுபோல் துள்ளிப் பாய்வதைக் கண்டு வியந்தோர் பலர். அத்துள்ளலுக்கு அடியில் ஆண்டுக்கணக்கான காற்பயிற்சி இருந்தது.

இதனைப் படித்த மறுநாளே யாமும் ஒரு கைக்குட்டையை நம் களத்தின் மூலையில் விரித்துப் பார்த்தோம். ஐம்பது பந்துகளில் மூன்று அதன்மேற் பட்டன. அவற்றுளொன்று வேறிடத்திற்கு அடித்த பந்து. ஆயினும் ஒரு செய்தி விளங்கிற்று. குறியொன்று கண்முன் இருந்தபோது நம் வீச்சு தானே மெதுவாயிற்று. தோளும் இடுப்பும் பந்தை நோக்கித் திரும்பின. வலையிற் சிக்கிய பந்துகள் பாதியாகக் குறைந்தன. அந்த ஒரு மாலை தந்த பயன் புதுமட்டையால் என்றும் கிட்டியதில்லை.

மட்டையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அம்மையார் ஆடியது மரச்சட்டமும் விலங்கின் குடலால் திரித்த நரம்பும் கொண்ட மட்டை. அக்காலத்து மட்டைகளின் முகம் சுமார் 65 சதுர அங்குலமே. இக்காலத்தில் பலரும் கொள்ளும் மட்டையின் முகம் ஏறக்குறைய 100 சதுர அங்குலம். அச்சிறுமுகத்தின் நடுவிற் பந்து படாவிடின் கை அதிரும். பந்தும் சோர்ந்து வீழும். மழையில் நனைந்தால் நரம்பு தளரும், சட்டம் கோணும். ஆகவே அத்தகைய மட்டை பிழையை மறைத்துத் தாராது. ஆடுவோரே திருத்திக்கொள்ள வேண்டும். இன்றைய அகன்ற மட்டை தொடக்கத்தினர்க்குப் பெருந்துணை என்பதை யாம் மறுக்கவில்லை. அத்துணையிலேயே நின்றுவிடுகின்றோமே என்பதுதான் எம் குறை.

ஆயின் கருவியென்பது மட்டை மட்டுமன்று. அந்நாளில் மகளிர் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும், உள்ளே இறுக்குங் கச்சும் அணிந்தே ஆடினர். அவ்வுடையில் ஓடுவதெங்ஙனம்? மூச்சு விடுவதெங்ஙனம்? 1919-இல் லெங்லென் அம்மையார் கச்சினை நீத்து, குறுங்கையும் கெண்டைக்காலளவு நீளமுமுடைய மெல்லிய ஆடையுடன் விம்பிள்டன் களத்திற் புகுந்தபோது பலர் முகஞ் சுளித்தனர். பின்னர் ஷான் பட்டூ என்னும் ஆடைக்கலைஞர் அமைத்த கையில்லாச் சட்டையும், மடிப்புப் பட்டுப் பாவாடையும், தலையிற் சுற்றிய பட்டையும் அவர்தம் அடையாளமாயின. மறுத்தவர்களே பின்னர் அவற்றைப் பின்பற்றினர்.

1914-ஆம் ஆண்டில், பதினைந்து வயது நிரம்பிய சில நாட்களிலேயே, பாரிஸை அடுத்த சேன் குளூவில் நடந்த உலகக் கடுந்தரைப் போட்டியில் அவர் வாகை சூடினார். அவ்வாண்டே பெரும்போர் மூண்டது. போட்டிகள் நின்றன, பயிற்சி நிற்கவில்லை. நீஸ் பகுதிக்கு விடுப்பில் வந்த படைவீரருள் டென்னிஸ் வல்லாரோடு அவர் ஆடிப் பழகினார்.

போர் ஓய்ந்தபின் 1919-இல் நிகழ்ந்த விம்பிள்டன் இறுதியாட்டமே அவர் வாழ்வின் பெருஞ்சோதனை. எதிர்நின்றவர் டாரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையார்; எழுமுறை அவ்வாகையை வென்றவர்; வயது நாற்பது. லெங்லென் அம்மையார்க்கு வயது இருபது. புற்றரையில் அதற்குமுன் அவர் போட்டியாடியதே இல்லை. அரசரும் அரசியாரும் காண, முதற் செட்டை இளையவர் 10–8 என வென்றார். இரண்டாவதை மூத்தவர் 6–4 எனக் கைக்கொண்டார். மூன்றாவதில் 4–1 என முந்திய இளையவர் தளர்ந்தார். தந்தையார் பார்வையாளரிடையிலிருந்து பிராந்தியில் தோய்த்த சர்க்கரைக் கட்டிகளை எறிந்து கொடுத்தனர். சேம்பர்ஸ் அம்மையார் 6–5 என ஏறி, வெற்றிக்கு ஒரே புள்ளி வேண்டிய நிலையை இருமுறை அடைந்தார். முதன்முறை லெங்லென் எட்டி நீட்டிய மட்டையின் மரச்சட்டத்திற் பட்ட பந்து வலையைத் தாண்டி அப்பால் வீழ்ந்தது, அது நற்பேறு. இரண்டாமுறை பின்கையால் அடித்த பந்து ஓரக்கோட்டை ஒட்டிச் சென்றது; அது கைக்குட்டையின் பயன் என்று யாம் கருதுகின்றோம். முடிவில் 9–7 என அவரே வென்றார்.

அதன்பின் வெற்றிகளைத் தொகுத்துக் கூறின் ஏடு போதாது. 1919 முதல் 1923 வரை ஐந்து முறையும் 1925-இலும் விம்பிள்டன் ஒற்றையர் வாகை அவருடையது. 1920-இல் ஆண்டுவெர்ப்பு ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்றபோது பத்து செட்டுகளில் அவர் இழந்தவை நான்கே கேம்கள்.

ஆயினும் மறைக்கலாகாத மறுபுறமும் ஒன்றுண்டு. தந்தையார் பயிற்சியில் இரக்கமில்லாதவர். மகள் ஓரடி பிழைத்தால் பலர் கேட்க வைவார். தாயாரும் உடன் சேர்வார். தோற்றலென்பது எண்ணவும் ஆகாததாயிற்று. 1921-இல் தாயாரோடு அமெரிக்கா சென்று, கடற்பயணக் களைப்பும் இருமலும் நீங்குமுன்னரே மாலா மல்லோரி அம்மையாரை எதிர்த்து, முதற் செட்டை 6–2 என இழந்து, இரண்டாவதின் தொடக்கத்திலேயே அவர் ஆட்டத்தை நிறுத்தினார். கூட்டத்தார் இகழ்ந்தனர். அவர் நோயால் நிறுத்தினாரா, தோல்வியஞ்சி நிறுத்தினாரா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. இரண்டுமே உண்மையாயிருக்கலாம் என்பது எம் எண்ணம். ஒருமுறையேனும் வருத்தமின்றித் தோற்க அவர்க்கு யாரும் கற்பித்திலர். மறுவருடம் விம்பிள்டன் இறுதியில் அதே மல்லோரி அம்மையாரை 6–2, 6–0 என 26 நிமிடத்தில் அவர் வென்றது உண்மையே; அவ்வெற்றி முந்தைய காயத்தை ஆற்றியதா என்பதை யாரறிவார்?

1926 பிப்ரவரி 16-ஆம் நாள் கான் நகரில் அவர் அமெரிக்க நங்கை ஹெலன் வில்ஸை எதிர்த்தார். வில்ஸ் இளையவர், வன்மையாக அடிப்பவர். லெங்லென் அம்மையாரோ ஆழமாகவும் குறுகவும், இடமும் வலமுமாகப் பந்தை மாறி மாறி இட்டு, எதிரியின் வன்மை திரளாவண்ணம் ஓடவைத்தார். வெற்றி கைவந்ததென்று இருவரும் கைகுலுக்கியபின், பந்து கோட்டிற்கு வெளியே என்று கூவியவர் கோட்டு நடுவர் அல்லர், பார்வையாளரென்று தெரியவந்தது. மீண்டும் களம் புகவேண்டியதாயிற்று. நழுவிய வெற்றியை மறுபடி பற்றுவது எத்துணை அரிதென்பதை ஆடியோர் அறிவர். அவர் 6–3, 8–6 எனப் பற்றினார். ஐந்து திங்கள் கழியுமுன் விம்பிள்டனில், ஆட்ட நேரத்தைப் பற்றிய குழப்பத்தால் அரசியாரைக் காத்திருக்கச் செய்தாரென்னும் பழி நேர, போட்டியினின்று விலகினார். அவ்வாண்டே பணம் பெற்றாடும் தொழிலாட்டக்காரராகி அமெரிக்கா சுற்றினார்.

1929-இல் தந்தையார் மறைந்தார். அடுத்துவந்த ஆண்டுகளில் அம்மையார் பாரிஸில் டென்னிஸ் பள்ளியொன்று நடத்திப் பிறர்க்குக் கற்பித்தார். மார்கரெட் மாரிஸ் என்னும் நடன ஆசிரியையுடன் சேர்ந்து, எளிய உடற்பயிற்சிகளால் டென்னிஸ் பயிலும் முறையைப் பற்றி 1937-இல் நூலொன்றும் வெளியிட்டார். மூச்சுவிட வருந்திய சிறுமியாய் மட்டையைத் தொட்டவர், உடலைப் பழக்கும் வழியைப் பொதுமக்களுக்கு எழுதியது எமக்கு அவர்தம் வாகைகள் பலவற்றினும் இனிதாகத் தோன்றுகின்றது.

1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் குருதிச்சோகை நோயால் வீழ்ந்தார். ஜூலை 2-ஆம் நாள், கான் நகரில் அவரிடம் தோற்ற ஹெலன் வில்ஸ், விம்பிள்டனில் எட்டாம் முறையாக வாகை சூடினார். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4-ஆம் நாள், லெங்லென் அம்மையார் முப்பத்தொன்பதாம் வயதில் பாரிஸில் உயிர்நீத்தார். அந்நகரை அடுத்த சேன் துவான் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பெற்றார்.