காய்ச்சலை வென்ற மருத்துவர் சர் மால்கம் வாட்சன்

இந்நாட்டின் தோட்டங்கள் மக்கள் நலமுடன் குடியிருக்கத் தக்க இடங்களாக மாறியதற்குப் பின்னால் ஒரு மருத்துவரின் அயரா உழைப்பு உண்டு. அவரே சர் மால்கம் வாட்சன் ஆவார்.

1873ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1901ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அந்நாளில் அங்கே மலேரியாக் காய்ச்சல் தலைவிரித்தாடியது. அவ்வாண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தையே சில மாதங்களில் மூட நேர்ந்தது. அவ்விரு ஊர்களிலும் ஓராண்டில் 582 பேர் மாண்டனர். அவருள் 368 பேர் காய்ச்சலுக்குப் பலியாயினர்.

மலேரியாவைப் பரப்புவது கொசுவே என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்திருந்தார். வாட்சன் அவ்வுண்மையைச் செயலில் காட்டினார். சதுப்புக் காட்டை வெட்டுவித்து, கான் தோண்டி, நீரை வடியச் செய்தார். 1902இல் இறந்தோர் தொகை 144ஆகக் குறைந்தது.

பின்னர் அவர் அரசுப் பணியை விட்டுத் தோட்டங்களின் மருத்துவரானார். மலைப்பாங்கான தோட்டங்களிலோ, காட்டை அழிக்க அழிக்கக் காய்ச்சல் பெருகியது! காரணம் யாது? சமவெளியில் நோய் பரப்பிய கொசு, நிழல் படிந்த சதுப்பு நீரில் வளர்வது. மலைப்பகுதிக் கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் வளர்வது. ஓரிடத்தில் மருந்தாகிய செயல் மற்றோரிடத்தில் நஞ்சாயிற்று. இதனை உணர்ந்த வாட்சன், மலைத் தோட்டங்களில் மண்ணுக்கடியில் குழாய் பதிப்பித்தார். ஓடைகளில் எண்ணெய் தெளிப்பித்தார். நோயும் தணிந்தது. தோட்டத்துக் கான்களை வெட்டிய கைகளுள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோரின் கைகளும் இருந்தன. காய்ச்சலில் மடிந்தோருள்ளும் அவர்கள் பலர். அவர்களையும் நாம் மறத்தலாகாது.

1924இல் வாட்சன் சர் பட்டம் பெற்றார். 1928இல் மலாயாவை விட்டுச் சென்றபின், ஆப்பிரிக்காவில் இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் செம்புச் சுரங்கங்களிலும் மலேரியா ஒழிப்புக்கு வழிகாட்டினார். 1955இல் மறைந்தார்.

2018ஆம் ஆண்டில், மனிதரிடையே பரவும் மலேரியா உள்நாட்டில் எவரையும் தொற்றாத நிலையை மலேசியா எட்டியது. எனினும் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் மலேரியா, காடு அழியும் இடங்களில் தலைதூக்கியுள்ளது. நிலத்தின் இயல்பை அறியாமல் காட்டில் கைவைத்தல் தீது என்பதை அன்னாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது. தாசேக் கெலுகோர் வாழ் மக்களாகிய நாமும், நம் இல்லங்களைச் சுற்றி நீர் தேங்காது காத்து நலமுடன் வாழ்வோமாக!